சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பன்!

வகுப்பில் ஆசிரியர் இல்லாத நேரம். ஒரே கூச்சல். திடீரென்று வாசலில் ஆசிரியர் வந்து நிற்கிறார். மேஜை மேல் ஒரு தட்டு. "அமைதி!" என்கிறார். அவ்வளவுதான்... குண்டூசி விழுந்தால்கூடச் சத்தம் கேட்கும்!

குட்டி நண்பர்களே, நம் தமிழில் 'அமைதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சத்தம் போடாமல் இருப்பதும் அமைதி. சண்டை போடாமல் வாழ்வதும் அமைதி. இரண்டும் ஒன்றுதானா?

'காய்' விட்டுக்கொண்ட இரண்டு நண்பர்களைப் பாருங்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. சத்தமே கிடையாது. ஆனால் சண்டை தீர்ந்துவிட்டதா? இல்லையே! 'பழம்' விட்டு மறுபடி பேசினால்தானே தீரும்?

இரண்டு குழந்தைகள் காய் விட்டால் இரண்டு நாளில் பழம் விட்டுவிடலாம். ஒரு ஊர் மக்களே இரண்டு பிரிவாகப் பிரிந்து, முப்பது ஆண்டுகள் ஒருவரை ஒருவர் கொன்றால்? துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு, அவர்களுக்குப் பழம் விடக் கற்றுக்கொடுப்பது யார்?

பள்ளிக்கூடங்கள் அந்த வேலையைச் செய்யப் பார்த்த ஓர் இடம் இருக்கிறது. வாருங்கள், வட அயர்லாந்துக்குப் போய் வருவோம்!

தீவின் ஒரு மூலையில்...

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், இங்கிலாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் தீவு அயர்லாந்து. பல நூறு ஆண்டுகள் அது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. 1921ஆம் ஆண்டு தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பெரிய பகுதி பிறகு தனி நாடானது. வடகிழக்கில் உள்ள ஆறு மாவட்டங்கள் மட்டும் பிரிட்டனோடு தங்கிவிட்டன. அதுதான் வட அயர்லாந்து.

பரப்பளவில் அது தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே பெரியது. மக்கள் தொகை சுமார் 19 லட்சம். தலைநகர் பெல்பாஸ்ட். டைட்டானிக் கப்பலைக் கட்டியது இந்த ஊரில்தான்!

இங்கே இரண்டு பிரிவினர் வாழ்கிறார்கள். ஒரு பிரிவினர் புராட்டஸ்டன்டுகள், மற்றொரு பிரிவினர் கத்தோலிக்கர்கள். இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள். இரண்டு பேரும் பேசுவது ஆங்கிலம். இரண்டு பேர் வீட்டிலும் உருளைக்கிழங்கு இல்லாமல் சாப்பாடு இல்லை. பிறகு என்ன சண்டை?

சாமி கும்பிடுவதில் வந்த சண்டை இல்லை இது. 'இந்த மண் எந்த நாட்டோடு சேர வேண்டும்?' என்பதில் வந்த சண்டை. புராட்டஸ்டன்டுகளில் பெரும்பாலோர், "நாங்கள் பிரிட்டனோடுதான் இருப்போம்" என்றார்கள். கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர், "தீவு முழுவதும் ஒரே அயர்லாந்தாக வேண்டும்" என்றார்கள். அதோடு, வேலை கொடுப்பதிலும், அரசு வீடு ஒதுக்குவதிலும், உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவதிலும் தங்களுக்கு அநீதி நடக்கிறது என்று கத்தோலிக்கர்கள் குமுறிக்கொண்டிருந்தார்கள்.

1968இல் சம உரிமை கேட்டு ஊர்வலங்கள் நடந்தன. அவை கலவரத்தில் முடிந்தன. 1969இல் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. இரண்டு பக்கமும் ஆயுதக் குழுக்கள் கிளம்பின. கடைத்தெருவில் குண்டு வெடித்தது. வீட்டு வாசலில் துப்பாக்கி சுட்டது. முப்பது ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்களில் உங்கள் வயதுக் குழந்தைகளும் உண்டு.

கடைசியில், 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி தலைவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அன்று புனித வெள்ளி. அதனால் அதற்குப் 'புனித வெள்ளி ஒப்பந்தம்' என்றே பெயர்.

கையெழுத்துப் போட ஒரு நாள் போதும். மனசு மாற?

'ஹேச்'சா... 'ஏச்'சா?

ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்தை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? வட அயர்லாந்தில் இது சாதாரணக் கேள்வி இல்லை! கத்தோலிக்கக் குழந்தைகள் பெரும்பாலும் 'ஹேச்' என்பார்கள். புராட்டஸ்டன்ட் குழந்தைகள் பெரும்பாலும் 'ஏச்' என்பார்கள். ஒரே எழுத்து. அதைச் சொல்லும் விதத்திலேயே 'நீ எந்தப் பக்கம்' என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது பெரிய ஊருக்கு இரண்டு பெயர். ஒரு பக்கத்தினர் 'டெர்ரி' என்பார்கள். மறு பக்கத்தினர் 'லண்டன்டெர்ரி' என்பார்கள். விளையாட்டிலும் பிரிவு. அயர்லாந்தின் பழைய விளையாட்டான ஹர்லிங், கேலிக் கால்பந்து என்றால் கத்தோலிக்கப் பள்ளி. ரக்பி, கிரிக்கெட் என்றால் புராட்டஸ்டன்ட் பள்ளி.

இதற்கெல்லாம் காரணம் என்ன தெரியுமா? குழந்தைகள் சேர்ந்து படிக்கவே இல்லை! கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. தெருக்களும் தனித்தனி. மறு பக்கத்துப் பிள்ளை ஒருவரோடுகூடப் பேசிப் பழகாமலே வளர்ந்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

இரண்டு தெருக்களுக்கு நடுவே சுவர்களும் எழும்பின. கல்லும் குண்டும் பறந்து வராமல் இருக்க 1969 முதல் கட்டப்பட்டவை அவை. சில இடங்களில் இரண்டு மாடி வீட்டைவிட உயரம்! எல்லாச் சுவர்களையும் வரிசையாக வைத்தால் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும். அவற்றுக்கு மக்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'அமைதிச் சுவர்'!

மூன்று வயதிலேயே!

"பெரியவர்கள் சண்டை போடுகிறார்கள். குழந்தைகளுக்கு என்ன தெரியும்?" என்று நினைப்போம். 2002இல் வட அயர்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள 352 குழந்தைகளிடம் கொடிகள், படங்கள், விளையாட்டுச் சட்டைகள் ஆகியவற்றைக் காட்டிப் பேசிப் பார்த்தார்கள்.

மூன்று வயதுக் குழந்தைகளிடமே 'எனக்கு இந்தக் கொடிதான் பிடிக்கும்' என்ற வேறுபாடு தெரிய ஆரம்பித்திருந்தது. ஆறு வயதுக்குள் மூன்றில் ஒரு குழந்தை, 'நான் இந்தப் பக்கம்' என்று தன்னை ஒரு பிரிவோடு சேர்த்துக்கொண்டது. ஆறு வயதுக் குழந்தைகளில் 100க்கு 15 பேர், மறு பக்கத்தவரைப் பற்றி மோசமாகப் பேசினார்கள்.

யாரும் உட்கார வைத்து இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில், தெருவில், பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத் தானாகவே ஒட்டிக்கொண்டது. அழுக்கு ஒட்டுவதுபோல!

குழந்தைகள் மேல் அக்கறை கொண்டவர்கள் ஒரு வேலை செய்தார்கள். 2004இல் ஒரு நிமிடக் கார்ட்டூன் படங்கள் தொலைக்காட்சியில் ஓட ஆரம்பித்தன. விளையாட்டு மைதானத்தில் வித்தியாசமான ஒரு குழந்தையை மற்றவர்கள் ஒதுக்குவார்கள், பிறகு சேர்த்துக்கொள்வார்கள். இதுதான் கதை. மழலையர் பள்ளிகளில் பொம்மைகளை வைத்து இதே கதைகளைப் பேசினார்கள். வெறுப்பு மூன்று வயதில் வரும் என்றால், நட்பும் மூன்று வயதில் வரத்தானே வேண்டும்?

28 பேர் படித்த பள்ளிக்கூடம்

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1970களில் சில அப்பா அம்மாக்கள் கூடிப் பேசினார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, புராட்டஸ்டன்டும் உண்டு. "நம் பிள்ளைகளாவது ஒன்றாகப் படிக்கக் கூடாதா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. 'எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக' என்ற பொருள் தரும் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இருக்கிற பள்ளிகள் கலப்புப் பள்ளிகளாக மாறும் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் மாறவில்லை. சரி, நாமே ஒரு பள்ளியைத் தொடங்கிவிடுவோம் என்று துணிந்தார்கள்.

1981ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பெல்பாஸ்டில் லாகன் ஆற்றங்கரை ஓரமாக ஒரு சாரணர் கூடம். அங்கே 'லாகன் கல்லூரி' தொடங்கியது. பெயர்தான் கல்லூரி. உண்மையில் அது 11 வயது முதல் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி. முதல் நாள் வந்தவர்கள் எத்தனை பேர்? வெறும் 28 பேர்!

அது எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த கைதிகள் பத்துப் பேர் சிறையில் உண்ணாவிரதம் இருந்து ஒருவர் பின் ஒருவராக இறந்த ஆண்டு. ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், 'எதிரி' வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் தங்கள் பிள்ளையை உட்கார வைக்க அந்தப் பெற்றோருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

அரசாங்கம் உடனே பணம் தரவில்லை. 'முதலில் நடத்திக் காட்டுங்கள்' என்ற நிலைதான். பெற்றோர்களும் நல்லவர்களும் பணம் திரட்டிப் பள்ளியை நடத்தினார்கள். 1984இல்தான் அரசு உதவி கிடைத்தது. 1985இல் பெல்பாஸ்டில் மேலும் மூன்று கலப்புப் பள்ளிகள் திறந்தன. 1989இல் சட்டமே வந்தது. கலப்புப் பள்ளிகளை ஊக்குவிப்பது அரசின் கடமை என்றது அந்தச் சட்டம்.

28 பேரோடு தொடங்கிய லாகன் பள்ளியில் இப்போது 1,200 பேருக்கு மேல் படிக்கிறார்கள். வட அயர்லாந்து முழுவதும் 70க்கு மேற்பட்ட கலப்புப் பள்ளிகள் இருக்கின்றன. இந்தப் பள்ளிகளில் ஒரு கணக்கு உண்டு. 100 பிள்ளைகள் இருந்தால் ஏறக்குறைய 40 பேர் கத்தோலிக்கர், 40 பேர் புராட்டஸ்டன்ட், 20 பேர் மற்றவர்கள். எந்தப் பக்கமும் 'இது எங்கள் பள்ளி, நீ விருந்தாளி' என்று சொல்லக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

ஒரே ஆண்டு, இரண்டு கதை

பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் நட்பு வந்துவிடுமா? வராது. ஒரே பஸ்ஸில் தினமும் போகிறோம், பக்கத்து சீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரிவதில்லையே!

1992இல் வட அயர்லாந்தின் எல்லாப் பள்ளிகளிலும் 'ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளும் கல்வி' கட்டாயமானது. இரண்டு பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்து சுற்றுலா போனார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பல இடங்களில் அது அதோடு நின்றுவிட்டது. கசப்பான பேச்சை எடுக்க ஆசிரியர்களே தயங்கினார்கள். எதையாவது சொல்லி யார் மனசாவது புண்பட்டுவிட்டால்? அதனால் எல்லோரும் மரியாதையாகச் சிரித்துவிட்டு, மரியாதையாக வீட்டுக்குப் போனார்கள். வகுப்பில் அமைதி இருந்தது. எந்த அமைதி? 'குண்டூசி விழும்' அமைதி!

பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும் என்று புரிந்துகொண்ட ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் எப்படிப் பாடம் நடத்துவார்கள்? ஓர் உதாரணம் பாருங்கள்.

1916ஆம் ஆண்டு. அந்த ஆண்டு ஏப்ரலில் டப்ளின் நகரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஒரு புரட்சி நடந்தது. அது அடக்கப்பட்டது. புரட்சித் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்க வீடுகளில் 1916 என்றால் இந்தப் புரட்சிதான்.

அதே 1916இல் ஜூலை 1ஆம் தேதி. முதல் உலகப் போரில், பிரான்ஸ் நாட்டின் சோம் என்ற இடத்தில் பெரிய சண்டை தொடங்கியது. பிரிட்டிஷ் படையில் இருந்த வட அயர்லாந்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தார்கள். புராட்டஸ்டன்ட் வீடுகளில் 1916 என்றால் இந்தப் போர்தான்.

ஒரே ஆண்டு. ஒரு வீட்டில் ஒரு கதை, பக்கத்துத் தெரு வீட்டில் வேறு கதை. இரண்டும் உண்மை! இரண்டு வீட்டிலும் தாத்தா படத்துக்குக் கீழே யாரோ அழுதிருக்கிறார்கள். நல்ல ஆசிரியர் இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதுகிறார். மறு பக்கத்துக் கதையைப் படித்துவிட்டு, "அந்த வீட்டில் நான் பிறந்திருந்தால் எதை நினைத்து அழுதிருப்பேன்?" என்று யோசிக்கச் சொல்கிறார். மறு பக்கத்துக் கொள்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அவர்களுக்கும் ஒரு தாத்தா இருந்தார் என்று தெரிந்தால் போதும்.

யாருக்கும் சொந்தமில்லாத பந்து

ஹர்லிங் ஒரு பக்கத்து விளையாட்டு. ரக்பி இன்னொரு பக்கத்து விளையாட்டு. சரி, எந்தப் பக்கமும் சேராத விளையாட்டு ஒன்று வேண்டுமே! கண்டுபிடித்தார்கள். கூடைப்பந்து!

2002 முதல் 'பீஸ் பிளேயர்ஸ்' என்ற அமைப்பு பெல்பாஸ்டில் இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் சேர்த்துக் கூடைப்பந்து ஆட வைக்கிறது. அணி பிரிக்கும்போது 'அந்தத் தெரு', 'இந்தத் தெரு' என்று பிரிப்பதில்லை. கலந்து பிரிக்கிறார்கள். உங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்றால், நீங்கள் மறு பக்கத்துப் பிள்ளைக்குப் பந்தை எறிந்தே ஆக வேண்டும்!

பிறகு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரே நாளில் மூன்று விளையாட்டு: கால்பந்து, ரக்பி, கேலிக் கால்பந்து. ஒவ்வொரு குழந்தையும் தனக்குத் தெரியாத ஒரு விளையாட்டை, அது தெரிந்த 'மறு பக்கத்து'ப் பிள்ளையிடம் கற்றுக்கொள்ளும். தனக்குத் தெரிந்ததைச் சொல்லியும் கொடுக்கும்.

குட்டித் தத்துவ மேதைகள்

பெல்பாஸ்டின் வடக்கே ஆர்டாயின் என்ற பகுதி. கத்தோலிக்கர்கள் அதிகம் வாழும் இடம். 2001ஆம் ஆண்டு இங்கே மனசை உலுக்கும் ஒரு சம்பவம் நடந்தது.

நான்கு வயது முதல் பதினோரு வயது வரை உள்ள சிறுமிகள் படிக்கும் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. அங்கே போகும் பாதை புராட்டஸ்டன்டுகள் வாழும் தெரு வழியாகச் செல்கிறது. தங்கள் வீடுகள் தாக்கப்படுகின்றன என்ற கோபத்தில் இருந்த அந்தத் தெருவினர், பள்ளிக்குப் போகும் சிறுமிகளை மறித்துக் கத்தினார்கள். கற்களை எறிந்தார்கள். ஒரு நாள் குண்டுகூட வெடித்தது. புத்தகப் பையோடு நடக்கும் சின்னஞ்சிறுமிகளுக்கு இரண்டு பக்கமும் போலீஸும் ராணுவமும் சுவர்போல நின்று காவல் காத்தார்கள். செப்டம்பரில் மறுபடி தொடங்கிய போராட்டம் நவம்பர் இறுதியில்தான் நின்றது. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன!

அதே ஆர்டாயினில் சிறுவர்கள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கிறது. ஹோலி கிராஸ் சிறுவர் பள்ளி. அதன் தலைமை ஆசிரியராக இருந்த கெவின் மெக்காரிவி, பாட்டுக்காரர் எல்விஸ் பிரெஸ்லியின் பெரிய ரசிகர். அவர் சிறுவர்களுக்கு ஒரு புதுப் பாடம் வைத்தார். தத்துவம்!

"அய்யோ, தத்துவமா?" என்று ஓடிவிடாதீர்கள். பெரிய பெரிய புத்தகம் ஒன்றும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசுவார்கள். 'உன் கோபத்தை இன்னொருவர் மேல் காட்டலாமா?' ஒருவன் 'காட்டலாம்' என்பான். ஒருவன் 'கூடாது' என்பான். ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். மற்றவன் பேசி முடிக்கும்வரை கேட்க வேண்டும். 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால்...' என்று சொல்லலாம். கையை ஓங்கக் கூடாது.

இரண்டு பேர் சண்டை போட்டால்? பிரம்படி கிடையாது. என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றியது, வேறு என்ன செய்திருக்கலாம் என்று யோசித்து, பள்ளிச் சுவரில் உள்ள பலகையில் எழுத வேண்டும்.

ஒரு முறை பெரிய சிக்கல் வந்தது. "யாராவது அடித்தால் திருப்பி அடி" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பள்ளியிலோ வேறு மாதிரி சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? ஆசிரியர் கோபப்படவில்லை. "நான் அப்பாவாக நடிக்கிறேன். நீ என்னிடம் பேசு" என்ற மாதிரி ஒரு நாடகம் போட்டார்கள். அப்பாவை மதித்துக்கொண்டே, அப்பா சொன்னதை ஏற்காமல் பேசுவது எப்படி என்று சிறுவர்கள் பழகினார்கள். கொஞ்சம் கஷ்டமான பாடம்தான், இல்லையா? இந்தப் பள்ளியைப் பற்றி எடுத்த 'யங் பிளேட்டோ' என்ற ஆவணப்படம் 2021இல் வெளியானது.

எல்லாம் சரியாகிவிட்டதா?

நிஜத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா? இன்னும் இல்லை!

இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், வட அயர்லாந்தின் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்கள்தான் கலப்புப் பள்ளிகளில் படிக்கிறார்கள். "எங்கள் மதம், எங்கள் மொழி, எங்கள் பழக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். அதற்கு எங்கள் பள்ளிதான் நல்லது" என்று நினைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் பள்ளியை நேசிப்பவர்கள். அதனால் 2016இல் வந்த ஒரு சட்டம் நடுவழி ஒன்றைக் காட்டியது. பள்ளிகள் தனித்தனியாகவே இருக்கட்டும். சில பாடங்களை மட்டும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்றது.

'எல்லா அமைதிச் சுவர்களையும் 2023க்குள் எடுத்துவிடுவோம்' என்று 2013இல் அரசு சொன்னது. அந்த ஆண்டு வந்தது, போனது. பெரும்பாலான சுவர்கள் அப்படியே நிற்கின்றன. சுவர் ஓரம் வாழும் பலர், "சுவர் இருந்தால்தான் எங்களுக்கு ராத்திரி தூக்கம் வருகிறது" என்று பயப்படுகிறார்கள். சுவரை இடிக்க இயந்திரம் போதும். பயத்தை இடிக்க இயந்திரம் இல்லையே!

ஆனாலும் நல்ல செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெல்பாஸ்டில் அலெக்சாண்ட்ரா பூங்கா என்று ஓர் இடம். 1994 செப்டம்பரில் பூங்காவின் நடுவே மூன்று மீட்டர் உயரத்துக்கு இரும்புத் தடுப்பு போட்டார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும்கூட இந்தப் பக்கம் வேறு, அந்தப் பக்கம் வேறு! 17 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பரில், அந்தத் தடுப்பில் ஒரு கதவு திறந்தது. முதலில் வார நாட்களில் பகல் நேரத்தில் மட்டும்தான் திறந்தார்கள். ஆனால் திறந்தார்கள்!

அதே 2011இல் டெர்ரி நகரில் பாயில் ஆற்றின் மேல் 'சமாதானப் பாலம்' திறக்கப்பட்டது. ஆற்றின் ஒரு கரையில் கத்தோலிக்கர்கள் அதிகம், மறு கரையில் புராட்டஸ்டன்டுகள் அதிகம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாலம் அது. பாம்புபோல வளைந்து செல்லும்.

2021இல் கிளனார்ம் என்ற சின்னக் கிராமத்தின் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி, பெற்றோர் ஓட்டுப் போட்டுக் கலப்புப் பள்ளியாக மாறியது. வட அயர்லாந்தில் அப்படி மாறிய முதல் கத்தோலிக்கப் பள்ளி அதுதான். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால் பள்ளியையே மூட வேண்டிய நிலை. சேர்ந்து படித்தால் பள்ளி பிழைக்கும் என்று ஊர் முடிவு செய்தது.

உலகத்தில் இன்னும் சில வகுப்பறைகள்

* ஒரே கூரை, இரண்டு பள்ளி: போஸ்னியா நாட்டில் 1992 முதல் 1995 வரை கொடிய போர் நடந்தது. அதன் பிறகு சில ஊர்களில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகள் வந்தன. இரண்டு இனப் பிள்ளைகளும் வேறு வேறு வாசல் அல்லது வேறு வேறு நேரம் வருவார்கள். பாடப் புத்தகமும் வேறு. யாய்ட்சே என்ற ஊரில், சேர்ந்து படித்துக்கொண்டிருந்த மாணவர்களைப் பிரிக்கும்படி தனிப் பள்ளி தொடங்க அதிகாரிகள் திட்டமிட்டார்கள். "எங்களைப் பிரிக்காதீர்கள்!" என்று மாணவர்களே 2016இல் தெருவில் இறங்கினார்கள். 2017இல் திட்டம் கைவிடப்பட்டது. 2018இல் அந்த மாணவர்களுக்கு மேக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது என்ற சர்வதேச விருது கிடைத்தது.

* இரண்டு நாடு, ஒரே புத்தகம்: பிரான்சும் ஜெர்மனியும் 70 ஆண்டுகளில் மூன்று முறை போரிட்டவை. இரண்டு நாட்டு மாணவர்களும் 2003இல் இளைஞர் நாடாளுமன்றத்தில் கூடியபோது, "நமக்கு ஒரே வரலாற்றுப் புத்தகம் வேண்டும்" என்று கேட்டார்கள். 2006இல் முதல் புத்தகம் வந்தது. மொழிதான் வேறு. உள்ளே இருப்பது ஒன்றே!

* நின்றுபோன வரலாற்றுப் பாடம்: ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 1994இல் சுமார் நூறே நாட்களில் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு 'எந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது?' என்று தெரியாமல் பள்ளிகளில் நாட்டின் வரலாற்றுப் பாடத்தையே பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தார்கள். 2015இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், எல்லாப் பாடங்களோடும் சமாதானத்தையும் நல்ல பண்புகளையும் சேர்த்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்!

1. இரண்டு தாள் ஆட்டம்: தம்பியோடோ தங்கையோடோ சண்டையா? ஆளுக்கு ஒரு தாள் எடுங்கள். நடந்ததை எழுதுங்கள். தாளை மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவர் எழுதியதை நீங்கள் சத்தமாகப் படிக்க வேண்டும். நடுவில் "பொய்!" என்று கத்தக் கூடாது. படித்து முடித்த பிறகு, அதில் உண்மையான ஒரு வரியையாவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

2. இடம் மாறும் நாள்: வாரத்தில் ஒரு நாள், இதுவரை பேசாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். ஆசிரியரிடம் முதலில் அனுமதி கேளுங்கள்!

3. 'ஏனென்றால்' விளையாட்டு: நண்பர்களோடு வட்டமாக உட்கார்ந்து ஒரு கேள்வியை எடுங்கள். 'அடித்தால் திருப்பி அடிக்கலாமா?' என்பதையே எடுக்கலாம். ஒவ்வொருவரும் ஒரு பதிலும், 'ஏனென்றால்' என்று ஒரு காரணமும் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத பதிலுக்கு மதிப்பெண் கிடையாது.

லாகன் பள்ளியில் முதல் நாள் வந்து உட்கார்ந்த 28 பேருக்கும் அன்று ஏறக்குறைய உங்கள் வயதுதான். ஊரெல்லாம் எதிரி என்று சொன்ன பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் பேர் என்ன?" என்று அவர்கள் கேட்டார்கள்.

நீங்கள் யாரோடாவது ரொம்ப நாளாகக் காய் விட்டிருக்கிறீர்களா? திங்கட்கிழமை வரத்தானே போகிறது. பள்ளிக்கூடம் உண்டு!